பிள்ளையின் கையில் தொலைபேசி, மனத்தில் என்ன?

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு கேலிப் பேச்சு நன்றாகத் தெரியும். ஒருவர் தனக்குள் பேசிக்கொண்டாலோ, காரணம் தெரியாமல் அழுதாலோ, "இவரைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்பார்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு வரும் இரயில் பாதையில் உள்ள சிற்றூர் தஞ்சோங் ரம்புத்தான். அங்குள்ள மனநோய் மருத்துவமனை 1911-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் இன்றைய பெயர் பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி என்று பொருள். ஆனாலும் நம் மக்கள் வாயில் அந்த ஊரின் பெயர் ஒரு வசையாகவே நிலைத்துவிட்டது.

இந்தக் கேலிக்கு விலை கொடுப்பவர்கள் யார் தெரியுமா? நம் வீட்டுப் பிள்ளைகள்தான். மனத்தில் பாரம் ஏறிய பிள்ளை, அதை வெளியில் சொன்னால் 'பைத்தியம்' என்று பெயர் வந்துவிடுமோ என்று பயப்படுகிறது. அம்மாவிடம் சொல்லத் தயங்குகிறது. அப்பாவிடம் சொல்வதே இல்லை. கையில் இருப்பது ஒரு கைப்பேசி. இரவில் போர்வைக்குள் அதைப் பார்த்துக்கொண்டே விழித்துக் கிடக்கிறது.

"எந்நேரமும் போன்தான்! பிடுங்கி உடைத்தால்தான் சரிப்படும்" என்று நமக்குக் கோபம் வருகிறது. கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால், பயன்படுத்தும் முறை தெரிந்தால் அதே கருவி ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கும் வழியாகவும் ஆகிறது. அந்த வழியைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நாலு பிள்ளைகளில் ஒன்று

நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2022-ஆம் ஆண்டில் இடைநிலைப் பள்ளி மாணவர்களிடையே ஓர் ஆய்வு நடத்தியது. அதன்படி 26.9 விழுக்காட்டு மாணவர்களிடம் மனச்சோர்வு காணப்பட்டது. அதாவது நாலு பிள்ளைகளில் ஒன்று. உயிரை விட்டுவிடலாமா என்று நினைத்ததுண்டு என்று சொன்னவர்கள் 13.1 விழுக்காடு. அதற்கு முயன்றதாகவே சொன்னவர்கள் 9.5 விழுக்காடு. 2017-ஆம் ஆண்டு ஆய்வில் இப்படி முயன்றவர்கள் 6.9 விழுக்காடாக இருந்தார்கள்.

எண்களைப் படித்துவிட்டு மறந்துவிடுவது எளிது. உங்கள் பிள்ளையின் வகுப்பில் 32 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குப்படி எட்டுப் பேர் மனச்சோர்வில் இருக்கிறார்கள். மூன்று பேர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருக்கிறார்கள். அந்த மூவரும் மற்றவர்களைப் போலவே காலையில் பள்ளிப் பேருந்தில் ஏறிப் போய், மாலையில் வீடு திரும்பி, சோறு உண்டுவிட்டுப் படுக்கிறார்கள். பார்த்தால் தெரியாது.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதில் தனிப்பட்ட சுமைகளும் உண்டு. சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள எல்பில், டோவன்பி போன்ற தோட்டங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிப் பிழைத்தார்கள். லயத்து வாழ்க்கையில் வசதி குறைவு. ஆனால் தனிமை கிடையாது. அம்மா பெரட்டுக்குப் போனால் ஆயாக் கொட்டகை இருந்தது. அடுத்த வீட்டு அத்தை இருந்தார். கோயில் திடலில் பந்து விளையாடக் கூட்டாளிகள் இருந்தார்கள். ஒரு பிள்ளையின் முகம் வாடியிருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடியேறின. அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட் என்று தொழிற்சாலைக்குப் போகும் வீடுகள் எத்தனை! பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாத இடத்தில் பிள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு தனியே இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் எல்லாரையும் தெரிந்திருந்த பிள்ளை, புகுமுக வகுப்பிலோ முதல் படிவத்திலோ நுழைந்ததும் மலாய் மொழியில் தடுமாறிக் கூச்சப்பட்டு ஒதுங்குகிறது. இதையெல்லாம் 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிடலாமா?

2020 மார்ச் 18-ஆம் தேதி நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது கல்வி அமைச்சு எடுத்த கணக்கில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் வீட்டிலிருந்து படிக்க எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. அப்பாவின் ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் படித்த வீடுகளும் உண்டு. எப்படியோ கடன் வாங்கியாவது பிள்ளைக்கு ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம். பாடம் முடிந்து பள்ளி திறந்துவிட்டது. கைப்பேசி மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. அதில் நல்லது எது, கெட்டது எது என்று சொல்லிக்கொடுக்க மட்டும் நமக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஒரு சிறுமியின் சாவும் ஒரு தொலைபேசியும்

தொலைபேசியைக் கொண்டு உயிர் காக்கலாம் என்ற எண்ணம் எங்கே பிறந்தது? அது ஒரு சோகமான கதை. பெண் பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்கள் கவனித்துப் படிக்க வேண்டும்.

1935-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வரா என்ற இளம் பாதிரியார் தம் முதல் சவ அடக்கத்தை நடத்தினார். இறந்தவள் 14 வயதுச் சிறுமி. அவள் பூப்பெய்தியிருந்தாள். அது என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஏதோ கொடிய நோய் வந்துவிட்டது என்று பயந்து, யாரிடமும் கேட்க வழியில்லாமல் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஒரே ஒருவர், "பயப்படாதே அம்மா, இது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான்" என்று சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். இந்த நினைவு பாதிரியாரை விடவில்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1953 நவம்பரில், லண்டனில் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்தார். உயிரை விட நினைப்பவர்கள் அதற்கு முன் தம்மை அழைக்கலாம் என்று அறிவித்தார். அதுவே 'சமாரிட்டன்ஸ்' இயக்கமாக வளர்ந்தது.

அங்கே நடந்த ஒன்றுதான் நமக்கு முக்கியமான பாடம். பாதிரியாரைப் பார்க்க வந்தவர்கள் வெளியே காத்திருந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சில தொண்டர்கள் வந்தார்கள். அவர்கள் படித்த மருத்துவர்கள் அல்லர், சாதாரண மனிதர்கள். அவர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்காமலேயே பாரம் குறைந்து வீடு திரும்பினார்கள். பொறுமையாகக் கேட்பதே பாதி மருந்து என்று பாதிரியார் புரிந்துகொண்டார். 1954-ஆம் ஆண்டில் தொலைபேசியைத் தொண்டர்கள் கையிலேயே ஒப்படைத்தார்.

தொலைபேசி அந்தக் காலத்துப் புதுமைக் கருவி. 1994-ஆம் ஆண்டிலிருந்து அதே இயக்கம் மின்னஞ்சல் வழியாகவும் உதவத் தொடங்கியது. கருவி மாறினாலும் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்பது மாறவில்லை.

நம் நாட்டில் யாரை அழைப்பது?

இதே வழியில் கோலாலம்பூரில் 1970-ஆம் ஆண்டில் 'பிஃப்ரெண்டர்ஸ்' சங்கம் தோன்றியது. அதன் எண் 03-76272929. நாளின் 24 மணி நேரமும் தொண்டர்கள் காத்திருக்கிறார்கள். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பேசியது வெளியே போகாது. பேசக் கூச்சப்படும் பிள்ளைகள் மின்னஞ்சலில் எழுதலாம். ஈப்போவிலும் பிஃப்ரெண்டர்ஸ் சங்கம் உண்டு.

சுகாதார அமைச்சு 2022 அக்டோபரில் 15555 என்ற 'ஹீல்' எண்ணைத் தொடங்கியது. அங்கே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பேசுகிறார்கள். வீட்டில் அடி உதை, குடித்துவிட்டுச் சண்டை, பாலியல் தொல்லை போன்றவற்றால் பிள்ளை தவித்தால் 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 999.

"நமக்கு மலாய் சரளமாக வராதே" என்று தயங்க வேண்டாம். தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் எப்போது இருப்பார் என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

கொரோனா காலத்தில் கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் 'மைசெஜாத்ரா' செயலியைக் காட்டினோமே, நினைவிருக்கிறதா? பலருடைய கைப்பேசியில் அது இன்னும் இருக்கும். அதில் 'மைமிண்டா' என்று ஒரு பகுதி உண்டு. தூக்கம் வருகிறதா, சாப்பிடப் பிடிக்கிறதா, எதிலும் ஆர்வம் இல்லையா என்பது போன்ற சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நம் மனநிலை எப்படி என்று காட்டும். பெற்றோர்களே, முதலில் உங்கள் மனத்தையே அதில் சோதித்துப் பாருங்கள். தாய் நொந்திருந்தால் பிள்ளையின் நோவு கண்ணில் படாது.

தமிழிலேயே இத்தகைய பணி தமிழகத்தில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ஆம் ஆண்டில் 'ஸ்நேகா' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையிலும் தமிழ் உண்டு. மன நோவைச் சொல்லத் தாய்மொழி எவ்வளவு தேவை என்பதை இவை காட்டுகின்றன. தமிழ் தெரிந்த நம் இளைஞர்கள் நம் நாட்டுச் சங்கங்களில் பயிற்சி பெற்றுத் தொண்டர்களாகச் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம்

முன்பு நம் நாட்டில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள் மீதே வழக்குப் போட முடியும். குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு ஓர் ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் கொடுத்தது. அதனால் பிள்ளை அப்படி ஏதாவது செய்துகொண்டால், "தவறி விழுந்துவிட்டான்", "தெரியாமல் குடித்துவிட்டாள்" என்று மருத்துவமனையில் பொய் சொன்ன குடும்பங்கள் உண்டு. பொய் சொன்னதால் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய மன மருத்துவம் கிடைக்காமல் போனது.

2023-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. இப்போது அது குற்றம் அல்ல. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். யாரும் பிள்ளையைச் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள்.

கைப்பேசி காயப்படுத்தும்போது

நல்லதைச் சொன்ன கையோடு கெட்டதையும் சொல்ல வேண்டும். 'ஈஷா' என்று பலரும் அறிந்த நம் இனப் பெண் ராஜேஸ்வரி, டிக்டாக்கில் தமக்கென்று ஓர் இடத்தைப் பெற்றிருந்தார். அங்கேயே சிலர் அவரைக் கேவலமாகப் பேசியும் மிரட்டியும் வந்தார்கள். அவர் போலீசில் புகார் செய்தார். ஆனாலும் 2024 ஜூலை 5-ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது. அவரைத் துன்புறுத்திய ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 வெள்ளி. ஓர் உயிருக்கு 100 வெள்ளியா என்று நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பு வீண் போகவில்லை. பகடிவதையைத் தண்டிக்கும் புதிய பிரிவுகள் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025-இல் நடப்புக்கு வந்தன.

உங்கள் பிள்ளையை யாராவது கைப்பேசி வழியாகக் கேலி செய்தாலும் மிரட்டினாலும், "நீ ஏன் அதில் படம் போட்டாய்?" என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உங்களிடம் வராது. பதிலுக்குப் பதில் ஏசவும் விடாதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் அப்படியே திரையில் படம் பிடித்து வையுங்கள். அதுதான் சாட்சி. பிறகு அந்த ஆளை அணுக முடியாதபடி தடுத்துவிட்டு, பள்ளி ஆசிரியரிடமும் போலீசிடமும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் புகார் செய்யுங்கள்.

இயந்திரத்திடம் மனம் திறக்கலாமா?

இப்போது இன்னொரு பழக்கம் பரவுகிறது. பிள்ளைகள் தங்கள் கவலையைச் செயற்கை அறிவு இயந்திரத்திடம் எழுதுகிறார்கள். அதுவும் ஆறுதலாகப் பதில் சொல்கிறது. இது முழுக்கப் புதிதல்ல. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோசப் வைசன்பாம் என்ற அறிஞர் 'எலைசா' என்று பேசும் கணினி நிரல் ஒன்றை உருவாக்கினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அதன் வேலை. அவர் அதை உருவாக்குவதைப் பல மாதங்கள் பக்கத்திலிருந்தே பார்த்தவர் அவருடைய செயலாளர். அந்த அம்மையாரே சிறிது நேரம் அதனுடன் பேசியதும், "ஐயா, கொஞ்சம் வெளியே இருங்கள்" என்றாராம்! கேட்க ஆளில்லாத மனம் இயந்திரத்திடமும் பேசிவிடும்.

இன்றைய இயந்திரங்கள் எலைசாவைவிடப் பன்மடங்கு கெட்டிக்காரத்தனமாகப் பேசுகின்றன. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க, படிப்புக்கு அட்டவணை போட, 'எனக்கு என்ன ஆகிறது?' என்று முதல் கேள்வி கேட்க அவை உதவலாம். ஆனால் பிள்ளை உயிரை விட நினைக்கும் நேரத்தில் அது கதவைத் தட்டாது, கையைப் பிடிக்காது. 2025 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் 16 வயது மகனைப் பறிகொடுத்த பெற்றோர், மகன் பேசிவந்த இயந்திரமே அவன் மனத்தைக் கெடுத்தது என்று அதை நடத்தும் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். பிள்ளைக்கு இதைச் சொல்லி வையுங்கள்: "அதனிடம் கேள், பரவாயில்லை. ஆனால் மனம் மிகவும் கனத்தால் மனிதரிடம் வா."

வீட்டில் இன்றே செய்யக்கூடியவை

பிள்ளையின் கைப்பேசியில் மூன்று எண்களைப் பெயரோடு பதிந்து வையுங்கள்: பிஃப்ரெண்டர்ஸ், 15555, 15999. "உனக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். உன் கூட்டாளிக்குத் தேவைப்படும்" என்று சொல்லுங்கள். பிள்ளை வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளும். நான்காவதாகப் பிள்ளைக்குப் பிடித்த ஒரு பெரியவரின் எண் இருக்கட்டும். சித்தி, மாமா, பெரிய அக்காள் யாராகவும் இருக்கலாம். அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாததை அவர்களிடம் சொல்லும்.

வளரும் பிள்ளைக்கு இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் கெட்டால் மனமும் கெடும். ஆகவே படுக்கும் நேரத்தில் எல்லாருடைய கைப்பேசியும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். 'எல்லாருடைய' என்றால் அப்பாவுடையதும்தான்! பிள்ளைக்கு மட்டும் சட்டம் போட்டால் நிற்காது. ஆனால் ஒன்று: பிள்ளை நள்ளிரவில் உதவிக்கு அழைக்க வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், ஏன் என்று கேட்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஷிப்ட் வேலையால் பிள்ளையைப் பார்க்க முடியாத நாளில் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புங்கள். "வீட்டுப் பாடம் முடித்தாயா?" என்று மட்டும் கேட்காமல், "இன்று எப்படி இருந்தாய் கண்ணு?" என்றும் கேளுங்கள். எழுதத் தெரியாத பாட்டியும் குரல் அனுப்பலாம். துன் சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, நம் தொழிலாளர்களின் சிறு சிறு தவணைப் பணத்தைச் சேர்த்துத்தான் தோட்டங்களையே வாங்கிக் காட்டினார். பிள்ளையின் நம்பிக்கையும் அப்படித்தான். நாளுக்குப் பத்து நிமிடம் என்று சேர்த்து வந்தால், ஆபத்து வரும் நாளில் அந்தச் சேமிப்பு கைகொடுக்கும்.

பிள்ளை கூட்டாளிகளை விட்டு ஒதுங்குகிறதா? பிடித்த விளையாட்டும் கசந்துவிட்டதா? ஆசையாக வைத்திருந்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்கிறதா? "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்கிறதா? அப்போது சும்மா இருக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சாக வேண்டும் போல இருக்கிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; உலகச் சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது. ஆமாம் என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள், அழுது புரளாதீர்கள், சாமி மேல் சத்தியம் வாங்காதீர்கள். முழுவதையும் கேளுங்கள். தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் களைக்கொல்லி மருந்துகளையும் பூட்டி வையுங்கள். பிறகு கூடவே உட்கார்ந்து அந்த எண்ணை நீங்களே அழைத்துக் கொடுங்கள்.

மறுநாள் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அங்கே குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். தேவையானால் அவர்களே பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஒருவேளை அந்தக் கடிதத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்று இருந்தால் துணிந்து அழைத்துப் போங்கள். காய்ச்சலுக்கு மருத்துவமனை போவது போலத்தான் இதுவும்.

அந்த நாளில் தோட்டத்தில் ஒரு தொலைபேசி இருந்தால் அது ஆபீசில் கிராணியார் மேசையில்தான் இருக்கும். அவசரத்துக்கு அழைக்கவும் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். இன்று நம் பிள்ளையின் சட்டைப் பையிலேயே அது இருக்கிறது. எந்த எண்ணை அழைப்பது என்று இன்றிரவே சொல்லிக்கொடுங்கள். முதலில் அழைக்க வேண்டிய எண் உங்களுடையதாக இருக்கும்படி நடந்துகொள்ளுங்கள்.